மாப்பிள்ளை ஊர்வலமும் ஸ்டியரிங் பம்பும்

இப்போது உங்கள் பட்டறைக்கு வரும் புது வண்டிகளில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் ஸ்டியரிங்குக்குக் கை கொடுக்கிறது. எண்ணெயும் பம்பும் ரப்பர் குழாயும் கொண்ட பழைய ஏற்பாட்டை இன்னும் கொஞ்ச காலம் பார்ப்பீர்கள், பிறகு பார்க்க மாட்டீர்கள். ஆகவே பம்பை எப்படிக் கழற்றி மாட்டுவது என்று சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நான் சொல்ல வந்தது, பம்பைச் சரியாக மாட்டி முடித்த பிறகு நான் செய்த தவறு.

தொழிலுக்கு வந்த நாள் முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எந்த வண்டி, என்ன கோளாறு, எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எது மீதமானது, எல்லாம் அதில் இருக்கும். ஒழுங்கான ஆள் என்று சிதம்பரத்தில் எனக்குப் பெயர். அந்த ஒழுங்கே ஒருமுறை என் காலை வாரியது. 2009 ஆவணி மாதக் குறிப்பில் அது நான்கு பக்கம் இருக்கிறது.

அப்போது அண்ணாமலை நகர் குடியிருப்பில் பலருடைய வண்டிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொடுப்பேன். அங்கே பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த பையன் ஒருவன், பெயர் சேகர், தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போது கூடவே ஒரு வேலையும் சொன்னான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவனுடைய தாய்மாமன் இருக்கிறார். அவருடைய கார் திரும்ப மறுக்கிறது. வந்து பார்க்க முடியுமா?

புதன்கிழமை காலை முதல் பேருந்தில் கருவிப்பெட்டியோடும், அவன் சொன்ன கோளாறை வைத்து ஊகித்து வாங்கிய புதுப் பம்போடும் போனேன். மாமன் பெயர் ஏழுமலை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். படகில் வலை இழுக்கும் விஞ்சுக் கயிறு அவருடைய வலது தோளை ஒரே சுண்டில் கெடுத்துவிட்டது. அதன்பின் கடலுக்குப் போகவில்லை. மீன் வியாபாரம் பார்த்தார், செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். வலது கையை மார்புக்கு மேல் தூக்க முடியாது. ஸ்டியரிங் கனத்துப் போனால் அவருக்கு வண்டியே இல்லை என்று அர்த்தம்.

“கடலோரமா நிக்கற வண்டிண்ணே, உப்புக் காத்து தின்னுடுச்சு. எவ்ளோ எண்ணெய் ஊத்தினாலும் ஒழுவுது. திருப்பினா பன்னி மாதிரி உறுமுது” என்றார்.

பார்த்தவுடன் தெரிந்தது, பம்பின் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம் போய்விட்டது. வீட்டு முன்னாலேயே வேலையைத் தொடங்கினேன். ஜாக்கியை வைத்தேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. ஏழுமலை சிரித்துவிட்டு எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தார். படகைக் கரையேற்றும்போது அடியில் போடும் தடித்த பலகைகள் நான்கு வந்து சேர்ந்தன.

“பதினோரு மணிக்கு மேல காத்து திரும்பும்ணே. அப்புறம் மணல் அடிக்கும். தொறந்து வைக்கறத அதுக்குள்ள மூடிடுங்க” என்றார். எண்ணெய்க் குழாய்க்குள் ஒரு மணல் துகள் போனாலும் புதுப் பம்பு வீண். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவர் சொல்லித்தான் தெரிந்தது. பத்தே முக்காலுக்குக் குழாய்களை இறுக்கி முடித்தேன். சொன்னது போலவே பதினொன்றேகாலுக்கு மணல் பறந்தது.

சிவப்பு எண்ணெயை ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றினேன். பிறகு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு விரலால் திருப்ப முடிந்தது. ஏழுமலையும் ஓட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி அஞ்சலை சுடச்சுட வஞ்சிரம் வறுத்துப் போட்டார். அன்றைய குறிப்பின் கடைசி வரி: ‘சோதனை திருப்தி. எண்ணெய் மீதம் அரை பாட்டில், பையில்.’

இந்த வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. அவை எனக்குத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மண்டபம் வடக்கு வீதியில். எனக்கும் பத்திரிகை இருந்ததால், சட்டையைக் கூட மாற்றாமல், மதியம் இரண்டு மணிக்கு ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். மண்டபத்துப் பின்புறம் அந்த வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் கன்னங்கரேல் என்று பளபளக்கிற ஒரு வாடகைக் காரும் டிரைவரோடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் பூக்காரர் ஒருவர் மாலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

அஞ்சலை என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். “அண்ணே, நல்லவேள வந்தீங்க. காலையில வர்றப்போ ரோட்டுல நல்லாத்தான் வந்துதாம். ஊருக்குள்ள வந்து மெதுவாப் போனா திரும்பவும் உறுமுது, கையப் புடிக்குது. இவரு ஒரு பக்கமா மூஞ்சத் திருப்பிக்கினு உக்காந்திருக்காரு.”

அவர் சொல்லித்தான் விஷயம் எனக்கு முழுசாகத் தெரிந்தது. சேகர் பிறந்தபோது ஏழுமலை தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: இவன் கல்யாண ஊர்வலத்தில் இவனைத் தோளில் தூக்கிப் போவது நான்தான். தோள் போய்விட்டது. அதற்குப் பதிலாகத்தான் கார். தன் கையால் ஓட்டி, ஊர் பார்க்க, கீழவீதிப் பிள்ளையார் கோயிலிலிருந்து தெற்கு வீதி, மேலவீதி சுற்றி வடக்கு வீதி மண்டபத்துக்கு மாப்பிள்ளையைக் கொண்டுவருவது என்று அவர் வண்டி வாங்கிய அன்றே முடிவு.

மாப்பிள்ளையின் அப்பா கலியபெருமாள் இதை நம்பவில்லை. ஒற்றைக் கை ஆளை நம்பி ஊர்வலத்தை விட அவருக்கு மனமில்லை. கறுப்பு வண்டியைப் பேசிக் கொண்டுவந்தது அவர்தான்.

“வாங்க மெக்கானிக்கு” என்றார் கலியபெருமாள். “எங்க மச்சான் வண்டி பாட்டு பாடுது. பேண்டு செட்டுக்கு வேற தனியா சொல்லியிருக்கோம், வேணாம்னு சொல்லிடவா?”

“நீ சும்மா இரு மச்சான்” என்றார் ஏழுமலை, தலையைத் தூக்காமல்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “புதுப் பம்பு அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாயிடும்.” மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். வெட்கமாக இருந்தாலும் உங்களிடம் இதை மறைக்கக் கூடாது. நாலு பேர் சுற்றி நின்று நம் வேலையைப் பற்றிக் கேட்கும்போது வாய் முந்திக்கொள்கிறது, கண் பிறகுதான் வருகிறது.

பூக்காரர் கேட்டார்: “எந்த வண்டிக்குங்க பூ? அஞ்சு மணிக்குள்ள சொன்னாத்தான் என்னால முடியும்.”

“அஞ்சு வரைக்கும் பாப்போம்” என்றார் கலியபெருமாள். “அதுக்கு மேல இந்த வண்டிக்குக் கட்டிடுங்க.” கறுப்பு வண்டியைக் காட்டினார். அவர் குரலில் கோபமில்லை. கல்யாண வீட்டில் அதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது.

எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தேன். நான் ஊற்றியது சிவப்பு. உள்ளே இருந்தது பழுப்பும் கறுப்புமாக, சோப்புத் தண்ணீர் போல நுரைத்திருந்தது.

“ஏழுமலை, இதுல என்ன ஊத்துனீங்க?”

“நீங்க போனதுக்கு மறுநாள் பாத்தேன், கோட்டுக்கு ஒரு வெரக்கட கீழ எறங்கியிருந்துது. கொறஞ்சா ஊத்தணும் இல்ல? நம்ம போட்டு இஞ்சினுக்கு ஊத்தற எண்ணெய் டிரம்முல இருந்துது. நல்ல எண்ணெய்ண்ணே, ஒசந்தது.”

படகுக்காரருக்கு அது பிறவிப் பழக்கம். நடுக்கடலில் எண்ணெய் குறைந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, டிரம்மில் இருப்பதை ஊற்றி இஞ்சினைக் காப்பாற்றிக் கரை சேர வேண்டும். ஆனால் அந்தக் கெட்டி எண்ணெய் ஸ்டியரிங்கின் மெல்லிய குழாய்களில் ஓடாது. நுரை கட்டும், பம்பு திணறும். வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்குக்கு அதிக உதவி வேண்டாம், அதனால் தெரியாது. மெதுவாகப் போய்த் திருப்பும்போதுதான் தெரியும்.

கலியபெருமாள் கைகொட்டிச் சிரித்தார். “போட்டு எண்ணெய் ஊத்தினா வண்டி எங்க போவும்? தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குத்தான் போவும்.” சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை.

அந்த இடத்தில் எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. “நீங்க கண்டத ஊத்தினா நான் என்ன செய்யறது” என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் எண்ணெய் ஒரு விரற்கடை இறங்கியது எதனால்? குழாயில் மிச்சம் நின்ற காற்று ஓட்டத்தில் வெளியேறியதால். அப்படி இறங்கும் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஊற்றுவதற்கு அரை பாட்டில் சிவப்பு எண்ணெயை அங்கேயே விட்டு வந்திருக்க வேண்டியவனும் நான். அதை ஒழுங்காகத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, குறிப்பிலும் எழுதிக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன்.

“தப்பு என்னுது” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “எண்ணெய் எறங்கும்னு நான் சொல்லல. மீதி எண்ணெய நானே எடுத்துக்கினு போயிட்டேன். அவரு வேற எதத்தான் ஊத்துவாரு?”

சிரிப்பு நின்றது. கலியபெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டரை மணி நேரம் இருக்குது. ஆவுமா?”

“ஆவும்” என்றேன். ஆகுமா என்று எனக்கே தெரியாது. கெட்டி எண்ணெயோடு ஓடிய பம்பு உள்ளே தேய்ந்திருந்தால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஓடியது ஒரே ஒரு பயணம். அந்தக் கணக்கில்தான் துணிந்தேன்.

மேலவீதி உதிரிபாகக் கடையில் சிவப்பு எண்ணெய் மூன்று லிட்டர் வாங்கினேன். முன்சக்கரங்களைத் தூக்கி, எண்ணெய் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு தண்ணீர் கேனுக்குள் விட்டேன். சமையல்காரர் ஒரு வாளியாவது தருவாரா என்று கேட்டதற்கு, “அது பாயசத்துக்கு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் மேலே ஊற்ற ஊற்ற, ஏழுமலை இஞ்சினைச் சில நொடிகள் மட்டும் ஓடவிட்டுத் திருப்புவார், நிறுத்துவார். கீழே கறுப்பாக வந்தது. பிறகு பழுப்பாக. பிறகு குங்குமம் கலந்தது போல. மூன்றாவது லிட்டரில் ஊற்றின சிவப்பே வெளியே வந்தது.

குழாயை மாட்டி, இம்முறை காற்றை அவசரமில்லாமல் வெளியேற்றினேன். மணி நான்கு. “ஏறுங்க ஏழுமலை, பைபாஸ் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடலாம்.”

பேண்டு செட்டு ஆட்கள் அங்கே படிக்கட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் டிரம்பெட் வாசிக்கிறவர், மெலிந்த மனிதர், காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “பைபாஸ்ல எதுக்கு சார்? ஊர்வலம் பைபாஸ்லயா போவுது?”

“வண்டிய ஓட்டிப் பாக்கணும் இல்லீங்களா?”

“நாங்க முன்னாடி நடக்கிறப்போ பின்னாடி வர்ற வண்டி, ஒரு தெருவுக்குக் கால் மணி நேரம் எடுக்கும் சார். அந்த நடையில திரும்புதான்னு பாக்க வேணாமா?”

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இத்தனை ஆண்டு தொழிலில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் சொன்னதில்லை. புதன்கிழமை நான் வண்டியைச் சோதித்தேன், அதன் வேலையைச் சோதிக்கவில்லை. ‘இந்த வண்டிய எதுக்கு எடுக்கப் போறீங்க?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

“எப்படியும் ஊர்வலத்துல தள்ளிக்கிட்டு வர்ற லைட்டு வண்டிக்குப் பள்ளம் எங்க இருக்குன்னு நாங்க பாக்கணும். வாங்க, நடந்து காட்டறோம்” என்று எழுந்தார். கூட இரண்டு டிரம் ஆட்களும் வந்தார்கள். சும்மா நடக்கச் சொன்னால் அவர்களுக்கு நடக்க வரவில்லை. “கொட்டு இல்லாம இந்த நடை கால்ல ஒக்காராது சார்” என்று மெதுவாகத் தட்ட ஆரம்பித்தார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை நாலே காலுக்கு, சுள்ளென்ற வெயிலில், கீழவீதியில் மாப்பிள்ளையில்லாத ஒரு ஊர்வலம் கிளம்பியது. முன்னால் டிரம் இரண்டும், வாசிக்காத டிரம்பெட் ஒன்றும். பின்னால் பூவில்லாத வெள்ளைக் கார். ஓட்டுவது ஏழுமலை. பின்சீட்டில் எண்ணெய்ச் சட்டையோடு நான், தலையை முன்னால் நீட்டி, சத்தம் கேட்டுக்கொண்டு.

கொட்டுச் சத்தம் கேட்டால் சிதம்பரத்தில் யாரும் உள்ளே இருப்பதில்லை. கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு வளையல் கடை அம்மா காருக்குப் பக்கத்திலேயே வந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

“மாப்ளைக்கு வயசு ஜாஸ்தியா இருக்குதே” என்றார் டிரம்காரரிடம்.

“ரெண்டாந்தாரம்மா” என்றார் அவர் முகம் மாறாமல்.

“அதுக்காக சட்டையக்கூடவா மாத்தக் கூடாது?”

ஏழுமலை அன்று முதன்முதலாகச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கிளட்சை விட்டு வண்டி நின்றுபோனது. மறுபடி கிளப்பி, தெற்கு வீதி மூலையில் திருப்பினோம். சத்தமில்லை. மேலவீதி மூலையில், கடைசி வரை திருப்பிப் பிடித்தபோது மட்டும் ஒரு முனகல். இஞ்சினுக்குப் பாரம் குறைய ஏசியை அணைக்கச் சொன்னேன், முனகல் பாதியாகக் குறைந்தது.

“கோடி வரைக்கும் திருப்பினா அப்படியே புடிச்சுக்கினு இருக்காதீங்க. ஒரு விரக்கட திரும்ப விட்டுடுங்க.”

விட்டார். முனகல் போய்விட்டது. அடுத்த மூலையில் சொல்லாமலே அப்படிச் செய்தார். படகுச் சுக்கான் பிடித்த கை, ஒருமுறை சொன்னால் போதும். பைபாஸில் நூறு கிலோமீட்டர் போயிருந்தாலும் இதை நாங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது மண்டபம் வந்தோம். கலியபெருமாள் வாசலில் நின்றார். டிரம்பெட்காரர்தான் சொன்னார்: “திரும்புதுங்க.”

கலியபெருமாள் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பூக்காரரிடம், “வெள்ளைக்குக் கட்டுங்க” என்றார். “கறுப்பு பின்னாடியே வரட்டும். எதுக்கும் இருக்கட்டும்.”

ஆறேகால் மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. பட்டு வேட்டி சட்டையில் சேகருக்கு வியர்த்து ஊற்றியது. “ஏசியப் போடச் சொல்லுய்யா, புள்ள கரையறான்” என்றார் கலியபெருமாள் என்னிடம். “கரைஞ்சாலும் மாப்ளதான்” என்றார் ஏழுமலை. கண்ணாடிகளை இறக்கிவிட்டது நல்லதாயிற்று. ஊரே மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தது, யார் ஓட்டுகிறார் என்பதையும் பார்த்தது. நான் முன்சக்கரத்துக்குப் பக்கமாக நடந்தேன்.

இரண்டு மூலை சுகமாகக் கடந்தது. மூன்றாவது மூலையில், வடக்கு வீதிக்குத் திரும்புகிற இடத்தில், குமராட்சிக்குப் போகும் மினிபஸ் ஒன்று ஆளை இறக்கிக்கொண்டு குறுக்கே நின்றது. போன வேகத்தில் வளைத்துத் திருப்ப இடமில்லை. நின்று, பின்னால் எடுத்து, நின்ற இடத்திலேயே கோடி வரை திருப்ப வேண்டும். ஸ்டியரிங்குக்கு அதைவிடக் கனமான வேலை கிடையாது. மினிபஸ் டிரைவரோடு பேசுவதற்காக டிரம்பெட்காரர் கையைத் தூக்கினார், வாத்தியம் முழுக்க நின்றது. திடீரென்று அவ்வளவு பெரிய அமைதி. பின்னால் கறுப்பு வண்டியிலிருந்து கலியபெருமாள் தலையை வெளியே நீட்டினார்.

ஏழுமலையின் இடது கை கியரில் இருந்தது. ஸ்டியரிங்கில் வலது கை மட்டும்தான், கெட்டுப்போன கை. வண்டி பின்னால் வந்து நின்றது. அவர் திருப்பினார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். டயர் தார் ரோட்டில் தேயும் சத்தம் கேட்டது. பூச்சரம் ஒன்று பம்பரில் உரசியது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. கோடி வரை போய், ஒரு விரற்கடை திரும்ப விட்டு, மினிபஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. மினிபஸ்ஸில் இருந்தவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு மேலே எழும்பும்படி டிரம்பெட்காரர் வாசித்தார்.

மண்டபத்தில் ஆரத்தி எடுத்து மாப்பிள்ளையை இறக்கி அழைத்துப் போனார்கள். கூட்டம் உள்ளே போயிற்று. ஏழுமலை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வண்டியிலேயே இருந்தார். கையில் வலியோ என்று நான் ஜன்னலருகே போனேன்.

“கை எப்படி இருக்கு?”

“கை இருக்கறதே தெரியலண்ணே. இன்னும் ஒரு சுத்து போனா என்னான்னு பாக்கறேன்.”

பின்னால் வந்து நின்ற கலியபெருமாள் இதைக் கேட்டுவிட்டார். “அதான் மாப்ள எறங்கிட்டானே, இனிமே யார வச்சு ஓட்டப்போற?”

“நீ ஏறு மச்சான்.”

கலியபெருமாள் மண்டபத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பந்தியில் இலை போடும் சத்தம் கேட்டது, சம்பந்திகள் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பட்டு அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

“மெதுவாப் போ” என்றார். “எல்லாரும் பாக்கட்டும்.”

கறுப்பு வண்டிக்காரர் தன் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். பேண்டு இல்லை, விளக்கில்லை. அதே நடை வேகத்தில் வெள்ளைக் கார் கிளம்பி, கீழவீதி மூலையில், ஊர்வல நடையில் நாங்கள் யாரும் சோதித்துப் பார்க்காத மூலையில், சத்தமில்லாமல் திரும்பி மறைந்தது. நான் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.